என்சிடி (தொற்றா நோய்) ரெஜிஸ்டரில் எல்லோருக்கும் 130/80: தரச்சான்று ஆய்வு வரும் முன் ஒரு யோசனை கேட்கிறேன்

மலர்_செவிலி | பிப்ரவரி 3, இரவு 9.40

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பதினோரு வருட சர்வீஸ். இன்னும் ஏழு வாரத்தில் எங்களுக்கு என்.க்யூ.ஏ.எஸ். தேசியத் தரச்சான்று ஆய்வு வருகிறது. சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம், குப்பைக் கூடைகளை நிறம் பிரித்து வைக்கிறோம், பெயர்ப் பலகை மாட்டுகிறோம். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

எங்களிடம் பிரஷருக்கு மாத்திரை வாங்கும் ஓர் அம்மா. செங்கல் சூளையில் வேலை. வயது 52. மாதம் தவறாமல் வருவார். போன மாதம் பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார், வலது கை வரவில்லை. அன்று சாயங்காலம் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஏழு வருகையிலும் 130/80. ஏழு தடவையும் ஒரே எண். அதில் இரண்டு என் கையெழுத்து.

அளந்துதான் எழுதினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்சிடி நாள். நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். பி.பி. மெஷின் ஒன்று, நாங்கள் இரண்டு பேர். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான், அதனால் எல்லோருக்கும் அவசரம். பக்கத்தைப் புரட்டினால் முழுக்க 120/80, 130/80, 140/90.

ஆய்வுக்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குமரன்_சேலம் | பிப்ரவரி 3, இரவு 10.15

சிஸ்டர், உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் ஏழு வாரத்தில் முதலில் ஆய்வை முடியுங்கள் என்றுதான் சொல்வேன். நான் மாவட்ட அளவில் இந்த வேலைக்கு உதவியாக இருந்தவன். எட்டுப் பகுதிகள், ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், சான்றுக்கு மொத்தத்தில் குறைந்தது 70 சதவீதம் வர வேண்டும். மூன்று வருடம் செல்லும். சான்றோடு ஊக்கத்தொகையும் வருகிறது, அதை நிலையத்துக்கே செலவு செய்யலாம். அந்தப் பணத்தில் இரண்டாவது பி.பி. மெஷின் வாங்கினால் உங்கள் பிரச்சினை பாதி தீரும். இப்போது ரெஜிஸ்டரைக் கிளறினால் வேலையும் நடக்காது, மதிப்பெண்ணும் போகும்.

சான்று என்பது வெறும் காகிதம் இல்லை. 2013இல் இந்தத் தரநிலைகள் வருவதற்கு முன், எமர்ஜென்சி ட்ரேயில் என்ன மருந்து இருக்க வேண்டும், அதன் தேதி முடிந்துவிட்டதா என்பதெல்லாம் பல இடங்களில் யார் பொறுப்பு என்றே தெரியாது. இப்போது பட்டியல் இருக்கிறது, தினமும் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு_மருத்துவர் | பிப்ரவரி 4, காலை 6.20

மலர், நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முப்பத்தோரு வருடம் அரசுப் பணியில் இருந்தவன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததற்கு உன் கையெழுத்துதான் காரணம் என்று முடிவு கட்டாதே. ஆனால் அந்தப் பக்கத்தை மறக்கவும் மறக்காதே.

நீ பார்த்தது புதிதல்ல. எல்லா நாட்டிலும் இது உண்டு. எண்ணைப் பூஜ்யத்தில் முடியும்படி உருட்டி எழுதுவது என்று வைத்துக்கொள். எவ்வளவு உருட்டியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பழைய மெர்குரி மெஷினில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. அளந்து எழுதினால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று பரவலாக வர வேண்டும். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பூஜ்யத்தில் முடியும். டிஜிட்டல் மெஷின் என்றால் பத்தில் ஒன்று. உன் ரெஜிஸ்டரில் கடைசியாக எழுதிய நூறு பேரின் மேல் எண்ணை எடு. எத்தனை பூஜ்யத்தில் முடிகிறது என்று எண்ணு. பத்து நிமிட வேலை. யார் எழுதியது என்று பார்க்காதே. எண்ணிக்கை மட்டும் போதும்.

அடுத்தது, அளக்கிற முறை. அளந்தாலும் தப்பாக அளந்தால் பயன் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவரை அப்படியே உட்கார வைத்து கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) கட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலே பத்துப் புள்ளி கூடலாம். கஃப் ஏறும்போது பேசினாலும் கூடும். நாம்தான் அந்த நேரம் பார்த்து "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்போம். கை பருமனாக இருப்பவர்களுக்குச் சாதாரண கஃப் கட்டினாலும் எண் பொய்யாக ஏறும், அவர்களுக்குப் பெரிய கஃப் வேண்டும். பெண்களுக்கு இன்னொன்று: ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும். அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும், துணி மேலேயே கட்டினாலும் சரியாக வராது. ஒரு திரை இருந்தால் கொக்கியைத் தளர்த்திக்கொள்வார்கள். திரை இல்லாத இடத்தில் அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போகாதே. வருகிற செவ்வாயன்று முதல் பத்துப் பேருக்கு மட்டும் இப்படிச் செய். எங்கே தடுக்கிறது என்று பார். அதைத் திருத்தி அடுத்த செவ்வாய் இருபது பேர். பிரசவ அறைகளுக்கான லக்ஷ்யா திட்டத்திலும் இதே முறைதான், இரண்டிரண்டு மாதச் சுற்றாக ஆறு சுற்று வைத்திருக்கிறார்கள்.

தன்னார்வலர்_கிருஷ்ணகிரி | பிப்ரவரி 4, பிற்பகல் 2.05

அக்கா, நான் வீட்டுக்கே போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5இல் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அது எங்கள் மாவட்டம்தான். அடுத்த வருடம் நானும் சேர்ந்தேன்.

எங்களிடம் சாயங்காலம் கேட்கிற கேள்வி, "இன்னைக்கு எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தீங்க?" அந்த எண்ணை ஏற்றினால் அன்றைய வேலை முடிந்தது. வாங்கியவர் சாப்பிட்டாரா, பிரஷர் இறங்கியதா என்பது அந்தக் கேள்வியில் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு தாத்தா. தனியாக இருக்கிறார். இரண்டு மாத மாத்திரையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு உள்ளே கொண்டுபோய் வைப்பார். போன தீபாவளிக்கு முன்பு அவர் வீட்டுத் திண்ணையில் பி.பி. பார்த்தேன், 172/96. "மாத்திரை இருக்கா தாத்தா, காட்டுங்க" என்றேன். பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். நான் கொடுத்த அட்டை எல்லாம் பிரிக்காமல் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தது. ஏன் என்று கேட்டால், "இதைப் போட்டா கால் வீங்குது சாமி. உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவே, பாவம் வெயில்ல நடந்து வந்து குடுக்கறே" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். அம்லோடிபின் சிலருக்கு அப்படிக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும் என்று சொல்லி வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் புது அட்டை கொடுக்கும் முன் பழைய டப்பாவைக் காட்டச் சொல்கிறேன். இதற்கு ஆப்பில் கட்டம் இல்லை. என் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

குமரன்_சேலம் | பிப்ரவரி 4, இரவு 8.30

தாத்தா கதையைப் படித்தேன் அம்மா, நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் மாத்திரை எண்ணிக்கையைக் கேட்பதே தப்பு என்ற அர்த்தம் வந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

2020இல் நம் மாநிலத்தில் தொற்றா நோய்கள் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரைக்காரர்களில் 10.8. நூறு பேரில் ஏழு பேர்! காரணம் என்ன? கூலி வேலையை விட்டுவிட்டு மாதாமாதம் வந்து வரிசையில் நிற்க முடியவில்லை, நின்று வாங்கினாலும் தொடர முடியவில்லை. மாத்திரை வீட்டுக்குப் போனதும் அடுத்த ஆய்வில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதம் ஆனார்கள். இரண்டு மடங்குக்கு மேல். 2024இல் ஐ.நா.வின் விருதும் இந்தத் திட்டத்துக்கு வந்தது.

மாத்திரை தட்டுப்பாடு இல்லாமல் கிடைப்பதே ஒரு தர முன்னேற்றம்தான். 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் என்று கொண்டுவந்த பிறகுதான் "மருந்து இல்லை, வெளியில வாங்கிக்கோ" என்பது குறைந்தது. பல மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துப் போய் அதே மாதிரி கழகம் வைத்தன.

ஓய்வு_மருத்துவர் | பிப்ரவரி 4, இரவு 9.10

குமரன் சொல்வது அத்தனையும் சரி. மருந்து போய்ச் சேர்வதை எண்ணத்தான் வேண்டும். ஆனால் 17 சதவீதம் என்றால் இன்னும் 83 பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தாத்தா மாதிரி டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு மலரின் ரெஜிஸ்டர் மாதிரி உண்மை எண்ணே எழுதப்படவில்லை? மாத்திரை எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது.

லண்டன்_தாதி | பிப்ரவரி 5, அதிகாலை 3.50

ட்யூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன். "முதலில் ஆய்வை முடியுங்கள்" என்று குமரன் அண்ணா எழுதிய வரியைப் படித்ததும் இங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டாஃபர்ட் நகரத்து ஆஸ்பத்திரி விவகாரத்தை இங்கு நர்ஸிங் படிக்கும் எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் பட்ட பாடு சொல்லி முடியாது. தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டு, நனைந்த படுக்கையில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறார்கள். எமர்ஜென்சியில் யாரை முதலில் பார்ப்பது என்று ரிசப்ஷனில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். அதே காலத்தில் நிர்வாகம் எதற்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? "ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட்" என்ற உயர்தகுதிக்கு. செலவைக் குறைத்தார்கள், நர்ஸ்களைக் குறைத்தார்கள். எமர்ஜென்சியில் நான்கு மணி நேரத்துக்குள் ஆளை அனுப்ப வேண்டும் என்ற இலக்கைத் தொட அவசரம் அவசரமாக வார்டுக்குத் தள்ளினார்கள். 2008இல் தகுதி கிடைத்தும் விட்டது. தாயைப் பறிகொடுத்த ஒரு மகளும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும் விடாமல் போராடியதால்தான் விசாரணை வந்தது. 2013 பிப்ரவரியில் வந்த ஃப்ரான்சிஸ் அறிக்கையில் 290 பரிந்துரைகள்.

இலக்கு வைத்ததைக் குறை சொல்லவில்லை. நான்கு மணி நேர இலக்கால் எத்தனையோ இடங்களில் காத்திருப்பு குறைந்தது. ஆனால் இலக்கைத் தொட்டோமா என்று மட்டும் மேலே இருப்பவர்கள் கேட்டால், கீழே இருப்பவர்கள் வேறு எதையும் பார்க்க நேரமில்லாமல் போகிறது. குமரன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குமரன்_சேலம் | பிப்ரவரி 5, காலை 7.45

கோபம் இல்லை தங்கச்சி. இது எனக்குத் தெரியாது. யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

யாழ்_நிலா | பிப்ரவரி 5, மாலை 6.30

வணக்கம் அக்கா. யாழ்ப்பாணத்தில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். ஆள் கூடாமல், காசு கூடாமல் எப்படி மாற்றுவது என்றுதானே கேட்கிறீர்கள். எங்கள் நாட்டில் அதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தாகொட பணிப்பாளராக இருந்தபோது ஜப்பானின் 5எஸ் முறையைக் கொண்டுவந்தார். கார் செய்யும் கம்பெனிகளின் முறை. வேண்டாததை அகற்று, இருப்பதை ஒழுங்காக வை, துப்புரவாக்கு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய், பழக்கமாக்கு. கேட்டால் வீடு கூட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு 2007இலிருந்து ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் பதினைந்து ஆபிரிக்க நாடுகளுக்கு இதைக் கொண்டு போனது.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். சிற்றூழியர்களிடமும் யோசனை கேட்பார்கள். ஒரு பொருள் எங்கே இருந்தால் சுகம் என்பது அதை நாளுக்கு ஐம்பது தடவை எடுக்கிறவருக்குத்தானே தெரியும். உங்களிடம் பெருக்குகிறவர், சீட்டுக் கொடுக்கிறவர் ஆரும் இருப்பினம்தானே. அவர்களிடமும் கேட்டுப் பாருங்கோ.

அம்மாவின்_மகள் | பிப்ரவரி 6, காலை 11.00

நான் மருத்துவத் துறை இல்லை, தேனியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு எட்டு வருடமாகப் பிரஷர். ஒவ்வொரு முறையும் "எவ்வளவு இருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்பேன். "நார்மல்னு சொன்னாங்க" என்பார். எண்ணை யாரும் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை, கேட்டால் திட்டுவார்களோ என்று பயம்.

போன வருடம் நானே கூடப் போய், "சிஸ்டர், நம்பரை இந்த நோட்டில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். இப்போது அம்மா படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பையனிடம் நோட்டைக் காட்டி, "போன மாசத்துக்கு இந்த மாசம் கூடியிருக்கா?" என்று கேட்கிறார். ஊறுகாயைத் தானாகவே குறைத்துவிட்டார். நாங்கள் எட்டு வருடம் சொல்லிக் கேட்காதவர். உங்கள் நிலையத்திலும் எண்ணை அவர்கள் கையில் எழுதிக் கொடுங்களேன்.

மலர்_செவிலி | பிப்ரவரி 24, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. மூன்று செவ்வாய் ஆகிவிட்டது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

டாக்டர் ஐயா சொன்ன மாதிரி நூறு பேரை எண்ணினேன். எங்களுடையது டிஜிட்டல் மெஷின். பத்து வர வேண்டிய இடத்தில் 84. எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நானும் சேர்ந்து செய்றேன்" என்றார்.

முதல் செவ்வாய் பத்துப் பேர் திட்டம் ஐந்தாவது ஆளிலேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்றால் வரிசையில் இடம் போய்விடும் என்று யாரும் உட்காரவில்லை. சத்தமாகிவிட்டது. யாழ் நிலா சொன்னது நினைவுக்கு வந்து, எங்கள் ஆஸ்பத்திரிப் பணியாளர் அக்காவிடம் கேட்டேன். "வரிசையையே நாற்காலி ஆக்கிடு" என்றார். இப்போது சுவரோரம் ஆறு நாற்காலி. ஒருவர் எழுந்தால் எல்லோரும் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். கடைசி நாற்காலிக்கு வருவதற்குள் ஏழெட்டு நிமிடம் ஆகிவிடுகிறது. இடமும் போகவில்லை, ஓய்வும் ஆயிற்று. மெஷின் மேசைக்கு முன் பழைய பிரசவ வார்டுத் திரையைத் துவைத்து மாட்டினோம். எண்ணை ஓ.பி. சீட்டின் பின்னால் பெரிதாக எழுதி, வாய் விட்டும் சொல்கிறோம்.

நேற்று மறுபடி நூறு எண்ணினேன். பூஜ்யத்தில் முடிவது 23.

ஆனால் இப்போது வேறு கவலை. ரெஜிஸ்டரில் 140/90க்குக் கீழே இருப்பவர்கள் நன்றாகக் குறைந்துவிட்டார்கள். முன்பு காகிதத்தில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஆய்வுக்கு வருபவர்கள் இந்த மாதம் திடீரென்று மோசமாகிவிட்டது என்று நினைப்பார்களே. மேலிடத்திலிருந்தும் கேட்பார்கள். பழையபடி எழுதிவிடலாமா என்று என்னோடு வேலை பார்க்கும் பெண்ணே கேட்டுவிட்டாள்.

ஓய்வு_மருத்துவர் | பிப்ரவரி 25, காலை 5.50

எழுத விடாதே. அவளைத் திட்டவும் திட்டாதே. அவள் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய எண்ணை எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ஃபாலோ-அப் எழுத வேண்டும், கூட்டத்தில் நிற்க வைப்பார்கள். 130/80 எழுதினால் ஒரு கேள்வியும் இல்லை.

பிரசவத்தில் இறக்கும் தாய்மார் பற்றிய ஆய்வுக் கூட்டங்களில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரிக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2010-12இல் 90 ஆக இருந்த மரணம் 2018-20இல் 54 ஆகக் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. "வீட்டிலிருந்து கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் எப்போது ஏறியது" என்று கேட்ட கூட்டங்களில் எல்லோரும் மனம் திறந்து பேசினார்கள். அடுத்த மாதமே ரத்த வங்கியில் ஒரு மாற்றம் வந்தது. "யார் ட்யூட்டி?" என்று தொடங்கிய கூட்டங்களுக்கு வந்த கேஸ் ஷீட் எல்லாம் துளி அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். பிரசவம் நடக்க நடக்கக் குறிக்க வேண்டிய பார்ட்டோகிராஃப் வரைபடத்தை, பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று உனக்கே தெரியும். கேரளத்தில் 2004இலிருந்து மகப்பேறு மருத்துவர் சங்கமே பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல் ரகசியமாக ஆய்வு செய்கிறது. அதில்தான் பிரசவ ரத்தப்போக்கை எங்கே கோட்டை விடுகிறோம் என்று தெளிவாகப் பேச முடிந்தது.

நீ செய்ய வேண்டியது: 84, 23 இரண்டையும் தேதி போட்டு ஒரு சார்ட்டில் வரைந்து அந்த மேசைக்கு மேலேயே ஒட்டு. கட்டுக்குள் இருப்பவர்கள் குறைந்தது எந்தத் தேதியிலிருந்து, ஏன் என்று கீழே இரண்டு வரி எழுது. யார் வந்து கேட்டாலும் காட்டு.

குமரன்_சேலம் | பிப்ரவரி 25, காலை 9.00

சிஸ்டர், ஐயா சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்த எட்டுப் பகுதிகளில் ஒன்று தர மேலாண்மை, கடைசி ஒன்று விளைவு. நீங்களே ஒரு குறையைக் கண்டுபிடித்து, அளந்து, மாற்றி, மறுபடி அளந்ததற்கு அதில் இடம் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் ரெஜிஸ்டரை மட்டும் பார்ப்பதில்லை. நேரில் கவனிப்பார்கள், ஊழியர்களையும் நோயாளிகளையும் தனியாகக் கேட்பார்கள். உங்கள் நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் "உங்க பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால் பாட்டி சீட்டைத் திருப்பிக் காட்டுவார். முதல் நாள் நான் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். பெரிய கஃப்புக்கு இன்றைக்கே இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போட்டு வையுங்கள், வர நாளாகும்.

மலர்_செவிலி | பிப்ரவரி 25, இரவு 9.20

சார்ட் ஒட்டிவிட்டேன். அந்தப் பெண்ணையே வரையச் சொன்னேன். கஃப் இன்டென்டும் போட்டாயிற்று.

சூளையில் வேலை பார்த்த அந்த அம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகச் சேர்கின்றன. பி.பி. பார்த்தேன். எண்ணைச் சொன்னேன். அவர் மகள் காலண்டரில் எழுதிக்கொண்டாள்.

தன்னார்வலர்_கிருஷ்ணகிரி | பிப்ரவரி 26, காலை 8.15

அக்கா, இன்று காலை நூறு நாள் வேலைக்கு ஆட்கள் கிளம்பும் முன் ஒரு சுற்று போய் வந்தேன். தாத்தாவுக்கு 138/84. காலில் வீக்கம் இல்லை. டப்பாவில் நான்கு மாத்திரைதான் மிச்சம்.